பின்வாசல் விருந்தாளி

பூரணவல்லி அம்மாளின் வீடு எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வருகிற முறை என்பதால் தெருவில் உள்ள பெண்கள் எல்லோரும் குடத்தோடு வெளியில்தான் நின்றிருந்தோம், ஆகையால் அது வந்ததை இல்லை என்று சொல்ல யாராலும் முடியாது. சாலை முக்கில் பால்வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றது, பிறகு மெல்ல உள்ளே திரும்பி, கரண்டு வயரில் ஓடு இடிக்காதபடி கூரையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு, எங்கள் வீட்டுக்கும் முள்ளுக்காட்டுக்கும் நடுவில் தெருவே துணி காயப்போடுகிற காலி இடத்தில் வந்து, வெயிலில் நடந்து வந்த பொம்பளை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்காருகிற மாதிரி உட்கார்ந்தது. ஓட்டிலிருந்து கொஞ்சம் புழுதி உதிர்ந்தது.

பக்கத்து வீட்டு ஒச்சம்மா அக்கா நிறைந்த குடத்தை நகர்த்திவிட்டு அடுத்த குடத்தை வைத்தாள். "ஏடி போதுமணி, உன் சேலை ரெண்டு அதுக்கடியில மாட்டிக்கிருச்சு பாரு" என்றாள்.

அது எப்படி வந்தது என்று எங்கள் தெருவில் யாரும் கேட்கவில்லை. யாரைப் பார்க்க வந்தது என்றுதான் கேட்டார்கள். அதற்கு எல்லோரும் சொன்ன பதில் என் வீட்டுக்காரர் பெயர்.

என் வீட்டுக்காரர் சென்றாயன் வேன் ஓட்டுகிறார். கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி என்று எதற்குக் கூப்பிட்டாலும் போவார். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற பால்சாமி சார் எங்கள் ஊரில் வாசகர் வட்டம் நடத்துகிறார், அந்த வட்டத்துக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை இவருடைய வேனில் ஏறி, செத்துப்போன எழுத்தாளர்கள் குடியிருந்த வீடுகளை ஊர் ஊராகப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்படிப் போய் வந்தபோது யாரோ ஒரு புத்தகத்தை சீட்டில் விட்டுவிட்டுப் போக, அடுத்த சவாரியில் மலைப்பாதையில் மரம் விழுந்து நாலு மணி நேரம் வண்டி நின்றபோது, இவர் அதை எடுத்துப் படித்திருக்கிறார். அது பூரணவல்லி அம்மாளின் கதைப் புத்தகம். அதோடு என் நல்லகாலம் முடிந்தது.

சாப்பிட்ட கையை வேட்டியில் துடைத்துவிட்டுப் புத்தகத்தை எடுப்பார். தலையணைக்குப் பக்கத்தில் வைப்பார். அதற்குப் பழுப்புத்தாளில் அட்டை போட்டார், எங்கள் ரேஷன் அட்டை முனை கிழிந்து ரெண்டு வருஷமாகக் கிடக்கிறது. படித்துக்கொண்டே இருக்கும்போது தனியாகச் சிரிப்பார்.

"என்னங்க, எதுக்குச் சிரிக்கிறீக?"

"ஒண்ணுமில்ல."

"சொன்னா நானும் சிரிப்பேன்ல."

"உனக்குப் புரியாது, போது."

என்னை அவர் போது என்றுதான் கூப்பிடுவார். கோபமாகச் சொல்லவில்லை. ரசத்தில் உப்பு கம்மி என்கிற மாதிரிதான் சொன்னார். நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள், பஸ் போர்டு வாசிப்பேன், மாத்திரை அட்டை வாசிப்பேன், கல்யாணப் பத்திரிகையில் பெயர் பெயராக எழுத்துக் கூட்டுவேன். புத்தகத்தின் பின்னட்டையில் இருந்த அந்த அம்மாளின் போட்டோவை மட்டும் அவர் இல்லாதபோது எடுத்து எடுத்துப் பார்த்தேன். கனத்த கண்ணாடி, வழித்துப் பின்னிய முடி, காதில் கழுத்தில் ஒன்றும் கிடையாது. அழகென்று சொல்ல முடியாது. கல்யாணமே பண்ணிக்கொள்ளாமல் தனியாக இருந்து, செத்து இருபத்தேழு வருஷமாயிற்றாம். செத்தவள் மேல் என்னடி பொறாமை என்று கேட்பீர்கள். உயிரோடு இருக்கிறவளானால் குழாயடியில் வைத்துச் சண்டை போடலாம், வயசாகட்டும் என்று காத்திருக்கலாம், ரெண்டு குறை சொல்லலாம். செத்தவளுக்கு வயசே ஆகாது. அவள் சோறு குழையாது. அவள் பிள்ளை ராத்திரி அழாது. அவள் பேச நினைத்ததெல்லாம் அச்சடித்துத் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறது, நான் பேச நினைக்கிறது தொண்டையிலேயே கிடக்கிறது.

இந்தத் தை மாதம் வட்டத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்து வேனில் ஒரு சீட்டு காலியாக இருந்தது. "வாறியா?" என்று இவர் சும்மா கேட்டார். நான் அஞ்சு மாதப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டேன். போகிற நாலு வீட்டில் நாலாவது வீடு அவளுடையது என்று எனக்குத் தெரியும்.

முதல் எழுத்தாளர் வீடு செல்போன் கடையாகிவிட்டது. பால்சாமி சார் கடை வாசலில் நின்று அவர் எழுதியதில் ஒரு பக்கத்தை உரக்க வாசித்தார், கடைக்காரர் கல்லாவில் இருந்தபடியே முழுவதும் கேட்டுவிட்டு, "ரீசார்ஜ் ஏதும் போடணுமா சார்?" என்றார். ரெண்டாவது வீடு பூட்டிக் கிடந்தது. எல்லோரும் கேட் வழியாகப் பூட்டைப் படம் எடுத்தார்கள், ஒரு டீச்சர் உணர்ச்சிவசப்பட்டுக் காம்பவுண்டுச் சுவரைக் கட்டிப்பிடித்து சேலையெல்லாம் சுண்ணாம்பாக வந்தார். மூன்றாவது வீட்டில் எழுத்தாளரின் மருமகள் இருந்தார். பதினெட்டுப் பேருக்கும் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, "எழுதுனதெல்லாம் சரி, மாமா ஒருநாள் இந்தக் குடத்தைத் தூக்கி வச்சிருப்பாரான்னு கேளுங்க" என்றார். அந்தப் பயணத்தில் எனக்குப் புரிந்த இலக்கியம் அது ஒன்றுதான். வேனில் என்னிடம் யாரும் பேசவில்லை. "பாப்பாவுக்கு எத்தனை மாசம்?" என்று கேட்பார்கள், அஞ்சு என்பேன், மறுபடி புத்தகத்தைப் பற்றிப் பேசப் போய்விடுவார்கள். அவர்கள் மேல் குறையில்லை, என்னிடம் பேச என்ன இருக்கிறது.

நாலாவது, நல்லூத்துக்குளம். நாலு கட்டு ஓட்டு வீடு. சாவி எதிர்வீட்டு ஆணியில் தொங்கியது, இசக்கியம்மாள் என்று ஒரு அம்மா வந்து திறந்துவிட்டார். முன்னறையில் ஜன்னலோரம் ஒரு மேசை, மேசை மேல் பேனாவும் கண்ணாடியும், சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. என் வீட்டுக்காரர் செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டார். எங்கள் வீட்டுக்குள் செருப்போடு அடுப்படி வரைக்கும் வருகிற மனுஷர். கயிற்றுக்கு மேலே கையை நீட்டி அந்த மேசையைத் தொட்டார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்குத் தாலி கட்டும்போதுகூட அந்தக் கை அத்தனை பயபக்தியாக இருந்ததில்லை.

சார் வாசிக்க ஆரம்பித்தார். பாப்பா அழ ஆரம்பித்தாள். எல்லாத் தலையும் திரும்ப, எனக்கு உடம்பெல்லாம் கூசி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்கட்டு தாண்டி அடுப்படிக்குப் போய்விட்டேன். அங்கே யாரும் இல்லை. இருட்டும் குளுமையுமாக இருந்தது, பின்கதவு வழியாகக் காற்று வந்தது, சுவரோரமாக ஒரு மணைப்பலகை கிடந்தது. அதில் உட்கார்ந்து பால் கொடுத்தேன். மூன்று நாளாக வேனிலும் சத்திரத்திலும் முந்தானைக்குள் பொத்திப் பொத்திக் கொடுத்து வேர்த்துப்போயிருந்த பிள்ளை, முகத்தில் காற்றுப் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டு குடித்தது. அது வயிறு நிறைந்து விட்டதும் எழுந்து, சேலையைச் சரிசெய்து, எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் சொல்கிறதைச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

முன்வாசலில் என் வீட்டுக்காரர் நிலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ரெண்டு கையையும் கூப்பி, "போயிட்டு வாரோம் தாயி. ஒருக்கா எங்க ஊருக்கும் வாங்க" என்றார். சிலர் சிரித்தார்கள், ஒருவர் கைதட்டினார், பால்சாமி சார் அதை போனில் படம் பிடித்தார்.

அதற்கு மூன்றாம் நாள்தான் செவ்வாய்க்கிழமை.

பால்சாமி சார் வந்து போனைத் தெரு முழுக்கக் காட்டினார். "சென்றாயன் கூப்பிட்டாரு, அவங்க வந்துட்டாங்க. இதுல என்ன இருக்கு?" என்றார். தெருவும் தலையாட்டியது. எங்கள் பக்கத்தில் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவரிடமும் இறங்கும்போது வீட்டுக்கு வாங்க என்போம், ஊசி போட்ட டாக்டரிடமும் சொல்வோம், பிறந்ததிலிருந்து எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்போம், ஒருவரும் வந்ததில்லை, வரமாட்டார்கள் என்கிற தைரியத்தில்தான் வாய் நிறையச் சொல்கிறோம். அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து எல்லோருக்கும் கொஞ்சம் பயம் வந்துவிட்டது. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனால் வாயை இறுக்கிக்கொண்டு கும்பிட்டுவிட்டு வந்தார்கள். ஒச்சம்மா அக்காவுக்கு நாலு நாள் தூக்கமில்லை. "பழனிக்குப் போனப்ப முருகனைக் கூப்பிட்டுட்டு வந்தேன்டி. அவரு மலையோட, படிக்கட்டோட கிளம்பி வந்தா எங்க எடம் இருக்கு?" என்றாள்.

மற்றபடி எல்லாம் அதனதன் போக்கில் நடந்தது. கவுன்சிலர் வந்து கதவு எண் எழுதினார், எங்கள் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவில் எதுவும் காலியில்லாததால் எங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு 'அ' சேர்த்துக்கொண்டார். லைன்மேன் வயரை ஒரு முழம் தூக்கிக் கட்டினார். தபால்காரர் வாசகர்கள் அதற்கு எழுதுகிற கடிதங்களைக் கொண்டுவந்து போட்டார். வெளியூர் வேன்கள் வர ஆரம்பித்தன, எங்கள் முக்குக் கடைக்காரர் தட்டில் வடையை அடுக்கிவைத்தார். நல்லூத்துக்குளத்தில் வீடு இருந்த இடத்துக்கும் ஆட்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்களாம், இசக்கியம்மாள் பழக்கதோஷத்தில் சாவியை எடுத்து வந்து காலி மனையின் வேலியைத் திறந்துவிட, அவர்கள் வெறும் தரையைப் படம் எடுத்துக்கொண்டு, அங்கே ஒரு அமைதி இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்களாம்.

தெருவுக்கு ஒரே ஒரு மனத்தாங்கல்தான். வீடு முன்பின்னாக மாறி உட்கார்ந்திருந்தது. முகப்பு முள்ளுக்காட்டைப் பார்த்திருந்தது, பின்பக்கத்து அடுப்படிக் கதவு எங்கள் அடுப்படிக் கதவுக்கு நேராக, மூன்று எட்டு தூரத்தில் இருந்தது. "இம்புட்டு தூரம் வந்த மவராசி திரும்பி உக்காரக் கூடாதா" என்று ஒச்சம்மா அக்கா குறைப்பட்டாள். தனியாக இருந்து பழகினவர், கூச்சமாக இருக்கும் என்று பால்சாமி சார் சமாதானம் சொன்னார்.

கோலம் போடாத வீடு ஒன்று தெருவில் இருந்தால் துக்க வீடு மாதிரி எல்லோரையும் உறுத்தும். வந்த விருந்தாளி சென்றாயனுக்கு, ஆகையால் சென்றாயன் பெண்டாட்டிதான் வாசல் தெளிக்க வேண்டும் என்று குழாயடியில் முடிவானது. தினமும் விடிந்ததும் எங்கள் வாசலில் பதினொரு புள்ளிக் கோலம் போட்டுவிட்டு, முள்ளுக்காட்டுப் பக்கமாகச் சுற்றிப் போய், அவள் வாசலில் நாலு புள்ளி வைத்து ஒரு இழு இழுத்துவிட்டு வருவேன். மாவு மிச்சம் இருந்தாலும் நாலு புள்ளிதான்.

வீடு பூட்டாமல்தான் வந்திருந்தது, இவரும் அதே வழியாகத்தான் சுற்றிப் போவார். சவாரி முடிந்து வந்தால் முதலில் அங்கேதான். கல்யாணமாகி இந்த வீட்டில் துடைப்பத்தைத் தொட்டறியாத மனுஷர் அந்த முன்னறையைப் பெருக்கினார். மேசையைத் துடைத்தார், கயிற்றை அவிழ்த்து மறுபடி நேராகக் கட்டினார். கதவுக் கீல் சத்தம் போடுகிறது என்று தேங்காயெண்ணெய் விட்டார், அது என் தலைக்கு வைத்திருந்த எண்ணெய். எங்கள் பாத்திரம் கழுவுகிற குழாய் எட்டு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

"போதுமணிக்கு செங்கல்லுல ஒரு சக்களத்தி" என்று குழாயடியில் கேலி பேசினார்கள். "பத்திரம்டி, அவளுக்கு நாலு ரூம்பு. உனக்கு ஒண்ணுதான்."

நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்துவிட்டு வந்து அரிசி களையும்போது அழுதேன். அந்த வீட்டைப் பார்க்கவே கூடாது என்று எங்கள் அடுப்படிக் கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். காற்று வருகிற வழி அது ஒன்றுதான். தை போய், மாசி போய், பங்குனி வெயில் சுவரில் ஏறிய பிறகும் நான் திறக்கவில்லை. பாப்பாவுக்குக் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு கொட்டியது. நான் விசிறியை எடுத்து வீசினேனே தவிர தாழ்ப்பாளைத் தொடவில்லை.

சித்திரையில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டுவிட்டேன். "அந்த வீட்டை எப்பங்க அனுப்புவீக?"

"வந்தவுகளை எப்படிப் போகச் சொல்ல?"

"மூணு மாசம் யாரு விருந்தாளி இருக்கா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார், "உனக்கு இந்த வெக்கை ஒத்துக்கலைன்னு நெனைக்கிறேன். பாப்பாவைத் தூக்கிக்கிட்டு ஒரு ரெண்டு மாசம் ங்கொம்மா வீட்ல போயி இரேன்."

அவர் பிள்ளையின் வேர்க்குருவைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார். எனக்குக் கேட்டது அப்படி இல்லை. அவள் இருக்கலாம், நான் போகணும் என்று கேட்டது. அன்றைக்குப் பெட்டியை எடுத்து ரெண்டு சேலையை மடித்து வைத்தேன். இன்னும் ரெண்டை எடுக்கப் போனபோதுதான், அவை அந்த வீட்டுக்கு அடியில் கிடப்பது ஞாபகம் வந்தது. என் சேலையைக்கூட உட்கார்ந்து பிடித்து வைத்திருக்கிறாள் என்று ஆத்திரமாக வந்தது.

அந்த வாரத்தில்தான் நல்லூத்துக்குளத்துக்காரர்கள் வந்தார்கள். ஏழு பேர், கூட இசக்கியம்மாள், கையில் சாவி. எங்கள் ஊருக்கு அடையாளமே அந்த வீடுதான், கோயில் கொடை வருகிறது, வெறும் மனையை எத்தனை நாளைக்குக் காட்டுவது என்று மரியாதையாகத்தான் பேசினார்கள். எங்கள் தெருக்காரர்களும் நியாயம்தானே என்றார்கள். இசக்கியம்மாள் மட்டும் என் வீட்டு நிழலில் வந்து உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "அவுக உசுரோட இருக்கையில எவுக வீட்டு நடையும் ஏறுனதில்ல தாயி. ஒருத்தரும் கூப்பிட்டதும் இல்ல. செத்த பொறவு எப்படித்தான் கிளம்பி வந்தாகளோ" என்றார்.

கூப்பிட்டவர்தான் வழியனுப்ப வேண்டும். வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய் எல்லாம் தட்டில் வைத்து, தெருவே முள்ளுக்காட்டுப் பக்கம் போய் நின்றது. என் வீட்டுக்காரர் முகப்பில் நின்று கையைக் கூப்பி, "போயிட்டு வாங்க தாயி" என்றார். வீடு அசையவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னார். மூன்றாம் தடவை சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. ஒரு ஓடுகூட நகரவில்லை.

"மனசாரச் சொல்லணும்யா" என்று ஒருவர் கத்தினார்.

"மனசாரத்தான்யா சொல்றேன்" என்று இவர் கண்ணைத் துடைத்தார்.

யாரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. நல்லூத்துக்குளத்துக்காரர்கள் தங்களுக்குள் பேசிவிட்டு, வெள்ளிக்கிழமை லாரி கொண்டுவருகிறோம், தானாக வராவிட்டால் ஓடு ஓடாக, செங்கல் செங்கலாகப் பிரித்து ஏற்றிக்கொண்டு போகிறோம், அங்கே போய்க் கட்டிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். என் வீட்டுக்காரர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. எனக்கோ, சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவளைச் செங்கல் செங்கலாகப் பிரிப்பதை நினைக்க நினைக்க உள்ளே இனித்தது.

வியாழக்கிழமை அவர் விமான நிலையத்துக்கு சவாரி போய்விட்டார். மத்தியானம், தெருவில் நாய்கூட நடமாட்டமில்லாத வெயில். பிள்ளை வெக்கை தாங்காமல் அழுதுகொண்டே இருந்தது. திடீரென்று எனக்கு ஒரு ரோஷம் வந்தது. நாளைக்கு அவர்கள் வந்து பிரிப்பதற்கு முன்னால், நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் எந்த விருந்தாளியிடமும், பிணத்தைத் தூக்கும்போதுகூட, வாய்விட்டுச் சொல்லாத அந்த வார்த்தையை, 'போ' என்பதை, நேருக்கு நேர் நின்று சொல்ல வேண்டும். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மூன்று மாதமாகப் பூட்டி வைத்திருந்த அடுப்படிக் கதவின் தாழ்ப்பாளை இழுத்தேன்.

எதிரே அவள் அடுப்படிக் கதவு. சாத்தியிருந்தது, பூட்டவில்லை. எங்கள் படியும் அந்தப் படியும் ஒரே நேரில் இருந்தன. வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை.

ஏனென்றால் அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆம்பளையைப் பார்க்க வந்த வீடு எதற்கு அந்த ஆம்பளைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருகிறது? அவர் தினமும் முள்ளுக்காட்டைச் சுற்றிக்கொண்டு போய்த்தானே நுழைந்தார். பொம்பளையைப் பார்க்க வருகிற பொம்பளைதான் முன்வாசலுக்குப் போகாமல் நேரே அடுப்படிப் பக்கம் வருவாள். ஒச்சம்மா அக்கா அப்படித்தான் வருவாள். என் அம்மா அப்படித்தான் வருவாள். தை மாதம் அந்த அடுப்படியில் பால் கொடுத்துவிட்டு எழுந்தபோது, எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் சொல்கிறதை நான் சொன்னேனே, என்ன சொன்னேன்? "வாரேங்க்கா. பாப்பாவைப் பாக்க ஒருக்கா வீட்டுக்கு வாங்க." காதால் கேட்டவர் ஒருவருமில்லை, படம் பிடித்தவர் ஒருவருமில்லை, நானே மறந்துவிட்டேன். நான் கூப்பிட்டேன். வந்திருக்கிறாள். வந்தவள் மூன்று மாதமாக என் கதவுக்கு நேரே உட்கார்ந்திருக்கிறாள், நான் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கொடுக்காமல் கதவைச் சாத்திவிட்டேன்.

திரும்பிப் போய் ஒரு சொம்பு தண்ணீர் எடுத்துக்கொண்டு, மூன்று எட்டும் வைத்து, உள்ளே போனேன்.

என் வீட்டுக்காரர் பெருக்கினதெல்லாம் முன்னறையைத்தான். அடுப்படியில் ஒட்டடை அப்படியே தொங்கியது. அந்த மணைப்பலகை அதே இடத்தில் கிடந்தது. தை மாதம் பிள்ளை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் கவனிக்காததை, இப்போது உட்கார்ந்து சாயப் போனபோதுதான் பார்த்தேன், சுவரில் தலை சாய்கிற இடத்தில் எண்ணெய்க் கறை. எத்தனையோ வருஷம் ஒரே தலை சாய்ந்த கறை. அதற்குப் பக்கத்தில், உட்கார்ந்தால் மட்டும் கண்ணுக்குத் தட்டுப்படுகிற உயரத்தில், புகைக்கறைக்கு நடுவில் பென்சிலால் எழுதியிருந்தது. கயிறு கட்டின மேசையில் அவள் எழுதவே இல்லை போலிருக்கிறது, இங்கே சோறு வேகிற நேரத்தில் எழுதியிருக்கிறாள். பதினெட்டுப் பேர் வந்து படம் எடுத்துக்கொண்டு போனதில் ஒருவரும் அடுப்படிக்கு வரவில்லை.

நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். வாய்விட்டுத்தான் வாசித்தேன், மனசுக்குள் வாசிக்க எனக்கு வராது. ஒரு உலை கொதிக்கிற நேரம் ஆனது.

'எதிர்வீட்டுப் பெண் பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது நான் போனால் கதவைச் சாத்திவிடுகிறாள். பிள்ளை இல்லாதவள் கண் பட்டுவிடுமாம். அவளைப் பார்த்தால் எனக்குப் பொறாமைதான். அது பொய்யில்லை. இருந்தாலும் கதவைச் சாத்தியிருக்க வேண்டாம்.'

எனக்குப் புரிந்தது. ஒரு எழுத்து மிச்சமில்லாமல் புரிந்தது.

அந்த மணையிலேயே உட்கார்ந்து, அவள் கதவையும் திறந்து போட்டு, எதிரே என் கதவும் திறந்து கிடக்க, முந்தானையை இழுத்து மூடாமல் பிள்ளைக்குப் பால் கொடுத்தேன். காற்று அந்தக் கதவில் நுழைந்து இந்தக் கதவில் போனது. பாப்பா ஒரு கையைத் தூக்கிச் சுவரில் தட்டித் தட்டிக் குடித்தாள். "நல்லாப் பாருங்கக்கா" என்றேன். "எம்புட்டு வேணும்னாலும் பாருங்க. நானும் உங்களைப் பாத்துத்தான் கதவைச் சாத்திட்டேன். உங்களுக்கு எம்மேல பொறாமை, எனக்கு உங்க மேல." சொன்னதும் எனக்கே சிரிப்பு வந்தது. அப்புறம் பேச்சு நிற்கவில்லை. குழாய் எட்டு மாதமாகச் சொட்டுவதைச் சொன்னேன், எண்ணெய் போனதைச் சொன்னேன், நாலு புள்ளிக் கோலத்துக்கு மன்னிக்கச் சொன்னேன், உனக்குப் புரியாது என்று அவர் சொல்லும்போது எனக்கு எந்த இடத்தில் வலிக்கும் என்பதைச் சொன்னேன். அதை நான் இதுவரை ஒச்சம்மா அக்காவிடம்கூடச் சொன்னதில்லை.

பிள்ளை தூங்கியதும் எங்கள் வீட்டில் கொண்டுபோய்க் கிடத்திவிட்டு, காப்பி போட்டு ரெண்டு டம்ளர் கொண்டுவந்தேன். ஒன்றை நான் குடித்தேன், இன்னொன்றை மணைக்குப் பக்கத்தில் ஆறும்வரை வைத்தேன். அடுப்படி நிலையில் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, தலையிலிருந்த பூவில் பாதியைக் கிள்ளி நிலைச் சட்டத்து ஆணியில் சூட்டினேன். அவளிடம் யாரும் இப்படி ஒரு குங்குமச் சிமிழை நீட்டியிருக்க மாட்டார்கள் என்று தோன்றியது. அவள் இருக்க வேண்டும் என்று அப்போது எனக்கு ஆசையாக இருந்தது, அதுதான் வேடிக்கை. ஆனால் விடிந்தால் லாரி வந்துவிடும்.

என் படியில் வந்து நின்று சொன்னேன். "போயிட்டு வாங்கக்கா. உங்க ஊர்ல தேடுறாக."

வீடு எழுந்தது. புழுதியை உதறிவிட்டு, கூரையைச் சாய்த்து வயருக்குக் கீழே நுழைந்து, முக்கில் ஒரு தடவை நின்று, சாலையில் ஏறிப் போனது. சத்தம் கேட்டு ஓடிவந்த ஒச்சம்மா அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏடி, அத்தனை ஆம்பளை நின்னு கத்தியும் நகராத வீடு. நீ என்னடி சொன்ன?"

"எப்பவும் சொல்றதுதான்க்கா."

காலி இடத்தில் என் சேலை ரெண்டும் கிடந்தன. மூன்று மாதம் வீட்டின் கனத்தில் கிடந்ததில் இஸ்திரி போட்ட மாதிரி, ஒரு சுருக்கம் இல்லாமல் இருந்தன. அவற்றை எடுத்து வந்து, பெட்டியில் இருந்த மற்ற ரெண்டையும் வெளியே எடுத்து, நாலையும் சேர்த்துக் கொடியில் போட்டேன்.

அவர் சாயங்காலம் வந்தார். ஒரு கையில் அந்த முன்னறைக்கு வாங்கின புதுத் துடைப்பம். வேனை விட்டு இறங்கி, வெறும் தரையைப் பார்த்து, ரொம்ப நேரம் அப்படியே நின்றார். பிறகு முள்ளுக்காட்டைச் சுற்றாமல் நேராக நடந்து எங்கள் அடுப்படிப் படிக்கு வந்தார், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டாகளா?"

"எங்கிட்டச் சொல்லிட்டுத்தான் போனாக" என்றேன்.

அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகம் எனக்குத் தெரியும், மூன்று வருஷமாக நான் போட்டுக்கொண்டிருந்த முகம்தான் அது.

"உங்கிட்டயா? என்ன சொன்னாக?"

"உங்களுக்குப் புரியாதுங்க."

அவர் படியில் உட்கார்ந்து புதுத் துடைப்பத்தின் ஈர்க்கை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தார். உள்ளே குழாய் சொட்டியது, கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போய் வேனிலிருந்து ஸ்பேனரை எடுத்து வந்தார். குழாய்க்கு அடியில் தலையை விட்டுக்கொண்டே, "சொல்லு போது" என்றார். பாவமாகத்தான் இருந்தது. சொல்லிவிடுவேன், சொல்லாமலா இருக்கப் போகிறேன். ஆனால் ரெண்டு நாள் போகட்டும், அந்த நாலு வரி அதுவரைக்கும் என்னுடையதாக மட்டும் இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு, திறந்து கிடந்த கதவுக்குப் பக்கத்தில், காற்று வருகிற இடமாகப் பார்த்துப் பிள்ளையைக் கிடத்தினேன்.